உடைந்த துடுப்பு கற்பிக்கும் தலைமைப் பண்பு: ஹவாய் போர் வரலாறும் இளைஞர் பயிற்சியும்

அமெரிக்காவின் 50-ஆவது மாநிலமான ஹவாய், 19-ஆம் நூற்றாண்டில் தனி அரசாக விளங்கியது. அத்தீவுகளின் போர் வரலாற்றில் வெற்றிகளைவிட, தலைமை ஏற்பவரின் பொறுப்பை உணர்த்தும் நிகழ்வுகளே இளைஞர்களுக்குச் சிறந்த பாடமாக அமைகின்றன.

மன்னரின் மன்னிப்பு

தீவுகளை 1810-இல் ஒரே ஆட்சியின்கீழ் கொண்டுவந்தவர் முதலாம் கமேஹமேஹா. இளம் வீரராக இருந்தபோது, பூனா பகுதியில் மீனவர்களைத் தாக்க அவர் விரட்டிச் சென்றார். எரிமலைப் பாறை இடுக்கில் அவரது கால் சிக்கிக்கொள்ள, மீனவர் ஒருவர் துடுப்பால் அவரது தலையில் அடித்தார். துடுப்பு உடைந்தது.

பல ஆண்டுகளுக்குப் பின், அடித்தவர் மன்னர்முன் நிறுத்தப்பட்டார். குற்றமற்றவர்களைத் தாக்க முனைந்தது தமது தவறே எனக் கூறி மன்னர் அவரை விடுவித்ததாக மரபுவழிச் செய்தி தெரிவிக்கிறது. முதியோர், பெண்கள், குழந்தைகள் சாலையோரத்தில் அச்சமின்றிப் படுத்துறங்கலாம் என்று 1797-இல் அவர் ஆணையிட்டார். 'உடைந்த துடுப்புச் சட்டம்' எனப்படும் இது, 1978-இல் மாநில அரசியலமைப்பில் இடம்பெற்றது.

நிராகரிக்கப்பட்ட மாணவர்கள்

1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும், ராணுவப் பயிற்சி பெற்றுவந்த ஹவாய் பல்கலைக்கழக மாணவர்கள் காவல் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். ஆனால் ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்தால், அவர்களில் பலர் 1942 ஜனவரியில் நீக்கப்பட்டனர்.

அவர்கள் ஒதுங்கிவிடவில்லை. எந்தப் பணியையும் செய்யத் தயார் என ராணுவ ஆளுநரிடம் மனு அளித்தனர். 169 பேர் கொண்ட தொண்டர் அணி ஸ்கோஃபீல்டு ராணுவ முகாமில் கல் உடைத்தது, சாலை அமைத்தது. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் ராணுவத்தின் கதவு திறந்தபோது, அவர்களில் பெரும்பாலானோர் 442-ஆவது படைப்பிரிவில் சேர்ந்தனர். ஐரோப்பியப் போர்முனையில் போரிட்ட அப்பிரிவு, அதன் அளவையும் பணிக்காலத்தையும் கருதும்போது, அமெரிக்க ராணுவத்தில் மிக அதிக விருதுகள் பெற்றதாகப் போற்றப்படுகிறது.

இன்றைய பயிற்சி

பள்ளிப் படிப்பை இடையில் கைவிட்ட 16 முதல் 18 வயதினருக்காக, ஹவாய் தேசியக் காவல்படை உறைவிடப் பயிற்சி அளித்து வருகிறது. சுமார் ஐந்தரை மாதப் பயிற்சிக்குப் பின், வழிகாட்டி ஒருவரின் துணை ஓராண்டு தொடர்கிறது. இதன் எட்டு அடிப்படைக் கூறுகளில் ஒன்று, தலைமை ஏற்பதோடு பிறர் தலைமையைப் பின்பற்றவும் பழகுதல் ஆகும்.

ஹவாய் மக்கள் 'குலியானா' என்னும் ஒரே சொல்லால் உரிமையையும் பொறுப்பையும் குறிப்பிடுகின்றனர். தவற்றை ஏற்ற மன்னரும், கல் உடைத்த மாணவர்களும் அச்சொல்லுக்கு உரிய பொருளைக் காட்டிச் சென்றுள்ளனர்.