கார் எஞ்சின் ஏன் கொதிக்கிறது?

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்குப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மீதிப் பங்கு உலோகத்திலேயே தங்கிவிடப் பார்க்கும். அதை அள்ளிக்கொண்டு போய் வெளிக்காற்றில் கொட்டுவதே குளிர்விப்பு அமைப்பின் வேலை. அந்த வேலை எங்கேனும் தடைப்பட்டால் டேஷ்போர்டில் உள்ள முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது.

முள் ஏறுவது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் என்று போனால் நல்ல வைத்தியர் உடனே மருந்து எழுதமாட்டார். எப்போது வருகிறது, குளிரோடு வருகிறதா, ராத்திரியில் கூடுகிறதா என்று கேட்பார். காருக்கும் இந்த விசாரணைதான் முக்கியம். எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனித்துச் சொல்லத் தெரிந்தவருக்குப் பாதிப் பழுது அங்கேயே பிடிபட்டுவிடும். அந்தக் கவனம் இல்லாதவரிடம்தான் ஒரு உருகியை மாற்ற வேண்டிய இடத்தில் ரேடியேட்டர், பம்ப், ஹெட் கேஸ்கட் என்று வரிசையாக விற்கப்படுகிறது.

விசாரணைக்கு முன் முதலுதவி. ஓட்டிக்கொண்டிருக்கும்போது முள் வழக்கமான இடத்தைத் தாண்டுகிறதென்றால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் திருப்பிவிடுங்கள். ஹீட்டர் என்பது எஞ்சினின் சுடுநீரில் ஓடும் ஒரு குட்டி ரேடியேட்டர். ஜூலை மாத வெயிலில் உள்ளிருப்பவர்கள் திட்டுவார்கள்; பொருட்படுத்த வேண்டாம். முள் இறங்காவிட்டாலோ, முன்புறம் ஆவி தெரிந்தாலோ, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். 'அடுத்த எக்ஸிட் இரண்டு மைல்தானே' என்ற எண்ணம் வரும். இக்காலத்துக் கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறிச் சூடேறினால் அது வளைந்துவிடும். சில நூறு டாலரில் முடிந்திருக்க வேண்டிய செலவு பல ஆயிரமாகிறது. பழைய கார் என்றால் காரின் விலையையே அது தாண்டிவிடும்.

நிறுத்தியபின் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். இதை விளக்க நம் சமையலறையே போதும். ரேடியேட்டர் மூடி என்பது பிரஷர் குக்கரின் வெயிட். சாதாரணக் காற்றழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடிக்குள்ளிருக்கும் ஸ்பிரிங், பெரும்பாலான கார்களில் சதுர அங்குலத்துக்கு 13 முதல் 16 பவுண்டு வரை, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. 15 பவுண்டு அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 121 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் 129 டிகிரி வரை தாங்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். அதுவரை சும்மா இருந்த திரவம் மொத்தமும் ஒரே நேரத்தில் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். ஆவி அடங்காமல் குக்கரைத் திறக்கமாட்டோம் அல்லவா? மேல் குழாயை ஒரு துணியோடு அழுத்திப் பார்த்தால் மெத்தென்று அமுங்க வேண்டும். அதற்கு அரைமணி நேரத்துக்கு மேலேயே ஆகும். சூடான எஞ்சின்மீது பச்சைத்தண்ணீரை ஊற்றுவதும் கூடாது; உலோகம் விரிசல் விடும்.

தொடக்ககாலக் கார்களுக்கு இந்த மூடிய ஏற்பாடு கிடையாது. தண்ணீர் ஆவியாகிப் போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1888இல் பெர்த்தா பென்ஸ் தன் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போனார். வழிநெடுக எஞ்சினுக்குத் தண்ணீர் தேடுவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. 1901ஆம் ஆண்டு மெர்சிடிஸ் காருக்கு வில்ஹெல்ம் மேபாக் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர்தான் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. அதில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழாய்கள் இருந்தன. நிறையப் பரப்பு, கொஞ்சம் தண்ணீர் என்ற அதே சூத்திரம்தான் இன்றும். இடையே ஒரு சொல்: ரேடியேட்டர் என்ற பெயரே அறிவியல்படி பிழை. வெப்பத்தில் மிகப்பெரும்பகுதி கதிர்வீச்சாகப் போவதில்லை, ஊடே ஓடும் காற்றோடு போகிறது. இதைக் 'கதிர்வீசி' என்று தமிழாக்கினால் ஆங்கிலத்தின் பிழையையும் சேர்த்தே இறக்குமதி செய்தவர்களாவோம். நான் ரேடியேட்டர் என்றே எழுதுகிறேன்.

இனி விசாரணை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது, நெரிசலில் ஊரும்போது சூடேறி, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் தானே தணிகிறதா? அப்படியானால் தண்ணீரும் பம்பும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், குறைபடுவது காற்று. வேகமாகப் போகையில் காற்று தானாக வருகிறது, நிற்கையில் விசிறிதான் இழுத்துத் தர வேண்டும். நண்பர் ஒருவருடைய ஜப்பானியக் காருக்கு இதே வியாதி. ஒரு பணிமனையில் ரேடியேட்டரையும் பம்பையும் மாற்ற வேண்டுமென்று மதிப்பீடு எழுதிக் கொடுத்திருந்தார்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடச் சொன்னேன். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டதும் மின்விசிறி சுழல வேண்டும். சுழலவில்லை. உருகிப் பெட்டியைத் திறந்து, விசிறியின் ரிலேயை எடுத்துவிட்டு, அதே மாதிரியான ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் செருகினோம். விசிறி ஓடியது. ஒரு ரிலேயின் விலையோடு கதை முடிந்தது. (எஞ்சின் அணைந்த பிறகும் இந்த விசிறி திடீரென்று சுழலக்கூடும். விரல் பத்திரம்.) மின்விசிறி இல்லாத, பிசுக்குக் கிளட்ச் கொண்ட வண்டிகளில், எஞ்சின் குளிர்ந்து அணைந்திருக்கும்போது விசிறியைக் கையால் சுண்டிப் பாருங்கள். தடையே இல்லாமல் பல சுற்றுச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது.

இதற்கு நேர்மாறானது, ஊருக்குள் ஒழுங்காக இருந்து நெடுஞ்சாலையிலும் மேட்டிலும் மட்டும் சூடேறுவது. இங்கே காற்று போதுமான அளவு இருக்கிறது, வெப்பத்தைச் சுமந்து வரும் நீரோட்டம்தான் போதவில்லை. ரேடியேட்டரின் உட்குழாய்கள் துருவாலும் உப்பாலும் பாதி அடைத்திருக்கலாம். பம்பின் இலைகள் அரித்துப் போயிருக்கலாம். கீழ்க்குழாய் தளர்ந்துபோய், வேகமாக ஓடும்போது பம்பின் உறிஞ்சலில் சப்பிக்கொள்வதும் உண்டு. நின்று பார்க்கும்போது அது சாதுவாக இருக்கும் என்பதால் எளிதில் அகப்படாது. ரேடியேட்டருக்கும் அதன் முன்னிருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் நடுவில் பூச்சியும் இலையும் மெத்தை போலச் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கிளம்பிய பத்து நிமிடத்துக்குள், எந்த வேகத்திலும், முள் விறுவிறுவென்று ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டதாகச் சந்தேகிக்கலாம். எஞ்சின் கொதிக்கையில் ரேடியேட்டர் இன்னும் குளிர்ந்தே இருப்பது இதற்கு நல்ல அடையாளம். இது மெழுகு அடைத்த ஒரு சிறு வால்வு. ரகத்துக்கேற்ப 82 முதல் 92 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். கழற்றி, நூலில் கட்டி, பழைய பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். தண்ணீர் கொதித்த பின்னும் வாய் திறக்காவிட்டால் அது குப்பைக்கு. நம் ஊரில் சிலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவார்கள். அந்தப் பழக்கத்தை டொராண்டோவுக்கோ ஆஸ்லோவுக்கோ கொண்டுவந்தால் குளிர்காலத்தில் எஞ்சின் தேவையான சூட்டையே எட்டாது. ஹீட்டர் வேலை செய்யாது, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், எண்ணெயில் ஈரம் தங்கும். சென்னையிலும் அது நல்ல வைத்தியம் இல்லை என்பதே என் கருத்து.

முள் சிவப்பில் இருக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், ஹீட்டர் வரை சுடுநீர் வந்து சேரவில்லை என்று பொருள். தண்ணீர் தீர்ந்திருக்கலாம், பம்ப் நின்றிருக்கலாம். இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. வெப்ப உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் ஒழுங்காக அளக்கும். நீர் வடிந்து அது வெற்றிடத்தில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே விழலாம். திடீரென விழுந்த முள்ளைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். 1996ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே சோதனைச் செருகி இருக்கிறது. மலிவான கருவி ஒன்றை அதில் மாட்டினால் வெப்பநிலையை எண்ணாகவே கைபேசியில் பார்க்கலாம். பல கார்களில் முள் ஓரளவு சூடு கூடினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால் எண்ணைப் பார்ப்பது மேல்.

தண்ணீர் குறைகிறது, ஆனால் கீழே சொட்டவில்லை என்பதே கவலைக்குரிய புகார். முதலில் மூடியின் ரப்பரையும் பம்பின் அடியில் உள்ள சிறு துளையையும் பாருங்கள். உலர்ந்த வண்ணக் கறை இருந்தால் கசிவு அங்கேதான். முன்சீட்டுக் கம்பளம் ஈரமாக, இனிப்பு வாடையோடு இருந்தால் ஹீட்டர் ஒழுகுகிறது. கையால் இயக்கும் அழுத்தப் பம்பு ஒன்றை ரேடியேட்டர் வாயில் பொருத்தி, குளிர்ந்த எஞ்சினிலேயே மற்றக் கசிவுகளைக் கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவில் சில உதிரிபாகக் கடைகள் முன்பணம் வாங்கிக்கொண்டு இதை இரவல் தருகின்றன. இத்தனைக்குப் பிறகும் காரணம் தெரியாமல், புகைக்குழாயில் இனிப்பு வாடையுள்ள வெண்புகை விடாது வந்தால், எண்ணெய் பால் காப்பி நிறமாகியிருந்தால், ரேடியேட்டரில் குமிழிகள் ஓயாமல் எழுந்தால், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் ஒரு சோதனை கேட்டுப் பெறுங்கள். ரேடியேட்டர் வாயில் எழும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். எரிவாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். இந்தச் சோதனைக்கு முன் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். புட்டியில் விற்கும் அடைப்பு மருந்துகள் கேஸ்கட்டோடு ஹீட்டரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடும். விற்கப்போகும் காருக்குக்கூட நான் ஊற்றமாட்டேன்.

கூலண்ட் விஷயத்தில் நிறத்தை நம்பக் கூடாது. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் தயாரிப்பாளர் போட்ட சாயம். கையேட்டில் சொன்ன ரகம் எது என்பதே கணக்கு. பொருந்தாத ரகங்களைக் கலந்தால் அரிப்புத் தடுப்பு கெட்டுச் சேறு கட்டும். அடர்த்தியாக ஊற்றினால் நன்றாகக் குளிரும் என்பதும் தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே கெட்டிக்காரன். கிளைக்கால் உறைநிலையையும் கொதிநிலையையும் நகர்த்தத்தான். சரிபாதி காய்ச்சி வடித்த நீர் கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வடித்தெடுத்த பழைய திரவத்தைத் திறந்து வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும் நஞ்சு. நாயும் பூனையும் நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும்.

எதை மாற்றினாலும் திரும்ப நிரப்பும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். புதுப் பாகம் போட்டும் மறுநாளே முள் ஏறுவதற்குப் பல நேரம் இதுவே காரணம். காரின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்தபடியே ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து குமிழிகள் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மூட வேண்டும். சில கார்களில் காற்றை வெளியேற்றத் தனித் திருகாணியே இருக்கும். மறுநாள் காலை, எஞ்சின் ஆறிய நிலையில், துணைத்தொட்டியின் மட்டத்தை இன்னொரு முறை பார்த்துக் குறைந்த அளவை ஊற்றிவிடுங்கள்.