மொட்டை மாடியில் தொடங்கிய வரலாறு



காலநிலை மாற்றம் என்றதும் உலக மாநாடுகள்தான் நினைவுக்கு வருகின்றன. "நாம் என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதற்கான பதில் நம் சென்னையின் சமீப வரலாற்றிலேயே இருக்கிறது.

1990-களில் பெசன்ட் நகரில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கிணறுகளில் உப்பு ஏறத் தொடங்கியது. இயற்பியல் படித்த சேகர் ராகவன் என்பவர், மாடியில் விழும் மழையை மண்ணுக்குள் விடுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கேட்டவர்கள் சிலரே, அவர் விடவில்லை. 2002-ல் மந்தைவெளியில் மழை மையம் திறந்தது.

2003-ல் கடும் வறட்சி. அந்த ஆண்டு ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கெடு வைத்ததால் தெருவெங்கும் குழி தோண்டினார்கள். 2005-ல் பெருமழை பெய்தபோது கிணறுகளில் நீர் ஏறியது.

பிறகு மறந்துவிட்டோம். 2015 டிசம்பரில் வெள்ளம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர்.

நான்கே ஆண்டுகளில் இரண்டு கோடியும் பார்த்தோம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்தால் கொட்டுகிறது. கொட்டுவதைப் பிடித்து வைப்பது நம் கையில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. 1,000 சதுர மீட்டர் மாடிக்கு 14 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், 12,000 லிட்டர் லாரியில் 93 லாரித் தண்ணீர்! கோடையில் நாம் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான்.

நம் வளாகத்திலும் குழிகள் இருக்கின்றன. பேவர் பிளாக் பதித்தபோது பின்பக்கக் குழி ஒன்றை நாமே மூடிவிட்டோம். மற்றவற்றில் மண் அடைத்திருக்கிறது. சட்டம் குழி தோண்ட வைத்தது. தூர் வார வேண்டியவர்கள் நாம்தான்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாடியைப் பெருக்குவோம். குழாய் அடைப்பை எடுப்போம். ஜல்லியைக் கழுவிப் போடுவோம். மூடிய குழியைத் திறப்பது பற்றி அடுத்த பொதுக்குழுவில் பேசுவோம். அவசியம் வாருங்கள்.