கலயமா, கெக்கா?

முதல்ல டிஸ்கி: இது யாரையும் குடிக்கச் சொல்ற பதிவு இல்லை. பாத்திரத்தைப் பத்தின பதிவு. குடிமகன்கள் கோவிச்சுக்க வேணாம்.

அட்லாண்டாவில் ஆணி புடுங்கிட்டிருக்கும் காலேஜ் நண்பன் போன வாரம் போன் பண்ணினான். வீட்டுலயே பியர் காய்ச்ச ஆரம்பிச்சிருக்கானாம். "மச்சி, கெக் வாங்கணும். பால் லாக்கா, பின் லாக்கா?" அம்பகரத்தூர்க்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது? ஆனா போனை வச்சதும் யோசிச்சேன். எங்க ஊர்ப்பக்கம் இதே கேள்வி ரொம்பப் பழசு. பாத்திரம்தான் சரக்கு என்னன்னு முடிவு பண்ணுது.

பனம்பாளையைச் சீவி முனையில் கலயத்தைக் கட்டுவாங்க. சொட்டுறது வெறும் இனிப்புத் தண்ணி, நூத்துக்குப் பத்துப் பன்னெண்டு பங்கு சர்க்கரை. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவியிருந்தா அது பதநீர். தடவலைன்னா கள்ளு. மரம் ஒண்ணுதான், ஏறுறவரும் ஒருத்தர்தான். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தலைதூக்க முடியாது. சுண்ணாம்பு இல்லாத மண் கலயத்திலோ, நேத்து ஒட்டின ஈஸ்ட்டு மண்ணின் நுண்துளைகளில் காத்துட்டிருக்கும். சாறு விழ விழ நுரைக்க ஆரம்பிச்சிடும். சில மணி நேரத்துல நாலஞ்சு சதவீதம் ஆல்கஹால், மறுநாள் புளிச்ச காடி. அந்த நண்பன் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்குற ஈஸ்ட்டை எங்க ஊரு கலயம் இலவசமா வச்சிருந்துச்சு.

இந்தப் பாத்திர ஆராய்ச்சி நம்மாளுங்களுக்குப் புதுசு இல்லை. மூங்கில் குழாயில் ஊத்தி விளையவச்ச கள், மண்ணில் புதைச்சுப் பழுக்கவச்ச கள் ரெண்டையும் சங்கப் பாட்டுக்காரங்க ரசிச்சுச் சொல்லியிருக்காங்க. யவனர்கள் நல்ல கலத்தில் கொண்டாந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் குடிக்கிறது புறநானூற்றிலயே வருது. அந்தக் கலத்தோட சில்லுகள் எங்க யூனியன் பிரதேசத்துலயே கிடைச்சது ஒரு பெருமை. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினப்போ மத்தியதரைக்கடல் ஆம்போரா ஜாடி ஓடுகள் வந்துச்சு. ரெண்டு கைப்பிடி, கூரான அடி, கசியாம இருக்க உள்ளே பிசின் பூச்சு. ரோமானியர் கணக்கில் ஒரு ஆம்போரா அளவு சுமார் 26 லிட்டர். என் நண்பன் பார்த்து வச்சிருக்குற கெக் 19 லிட்டர். ரெண்டாயிரம் வருஷத்துல மனுஷன் தூக்குற கனம் பெருசா மாறலை பாருங்க.

கடலுக்கு அந்தாண்ட இலங்கையில் வேற விடை. தென்னங்கள்ளு நிக்காதுன்னு அதைக் காய்ச்சி வடிச்சு, ஹல்மில்ல மரத் தொட்டியில் வருஷக்கணக்கில் போட்டு வைக்கிறாங்க. திரிகோணமலை மரம்னு வெள்ளைக்காரன் பேர் வச்சது இதுக்குத்தான்.

சரி, எங்க ஊர்க் கதைக்கு வர்றேன். 1937-ல் ராஜாஜி சேலத்துல மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுக்க வந்துச்சு. அப்போ காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில, 1954 வரைக்கும். பிறகும் புதுச்சேரியோட சட்டம் தனியாவே போச்சு. அந்தப்பக்கம் மதுவிலக்கு 1971-ல் தளர்ந்து, 1974-ல் திரும்பி, 1981-ல் மறுபடி கடை திறந்து, கடைசியா 1987-லிருந்து கள்ளுக்கு மூடுவிழா. இந்தப்பக்கம் கள்ளுக்கடையை அரசாங்கமே ஏலம் விடும். எங்க ஊர்லேருந்து மேற்கே பேரளம் ரோட்டுல கொஞ்ச தூரம் போனா தமிழ்நாடு. அதே பனை, அதே பாளை. ஆனா அங்கே சுண்ணாம்பு இல்லாத கலயம் கட்டினா கேஸ். கையளவு சுண்ணாம்புதான் ஒரு மனுஷனைத் தொழிலாளியாவோ குற்றவாளியாவோ ஆக்குது. சீமைச் சரக்கு பாட்டில் விக்குற கடைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாதுங்கறது வேற வயித்தெரிச்சல்.

இதுல நானே ஒரு தடவை மாட்டியிருப்பேன். இன்ஜினியரிங் படிக்கிறப்போ லீவு முடிஞ்சு சென்னைக்குக் கிளம்பினேன். ஹாஸ்டல் பசங்களுக்குப் பதநீர் கொண்டுபோற ஆசை. மரமேறுற பெரியவர்கிட்ட, "தாத்தா, சுண்ணாம்பு வாடை வேணாம், கம்மியா தடவின கலயத்துலேர்ந்து குடுங்க"ன்னேன். "கம்மியா தடவுனா அது உன் பேச்சக் கேக்காது தம்பி. மூடிய இறுக்காத"ன்னார். நான் கேப்பேனா? ரெண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் ஊத்தி, பஸ்ஸுல சிந்தக்கூடாதுன்னு திருகி இறுக்கினேன். விழுப்புரம் தாண்டினப்போ பையில "டமார்". பக்கத்து சீட்டு அம்மா போட்ட சத்தத்துல டிரைவர் பிரேக் அடிச்சுட்டார். பஸ் முழுக்கக் கள்ளு வாசம். ஊர்ல ஏத்தும்போது பதநீர், விழுப்புரத்துல கள்ளு. கண்டக்டர் மட்டும் மூக்கை உறிஞ்சி ஒரு தினுசா சிரிச்சார்.

அந்தப் பெரியவரோட பசங்க யாரும் மரம் ஏறலை. ஒருத்தர் திருப்பூர், ஒருத்தர் துபாய். கலயம் எப்போ கழுவணும், எப்போ கழுவக்கூடாது, சுண்ணாம்பு எவ்வளவுங்கறதெல்லாம் அவர் கையில இருந்துச்சு. அவரோடயே போயிடுச்சு.

காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்துல இப்போ சுண்ணாம்புக்குப் பதிலா ஐஸ் வச்ச பெட்டியைத் தென்னம்பாளையில மாட்டுறாங்க. குளிரில் ஈஸ்ட்டு தூங்கிடும், சாறு நாறாது, வாடையும் இல்லை. தாத்தா பார்த்திருந்தா, "ஐஸ சுமந்துக்கிட்டு நீயே ஏறு"ன்னிருப்பார்.

நண்பனுக்குப் பதில் சொல்லணுமே. பியருக்கு வாயு உள்ளே நிக்கணும், அதனால கெக். கள்ளு புளிக்கிறதை நிறுத்தாது, வாயு வெளியே போயாகணும், அதனால வாய் திறந்த கலயம். அவன் கேட்ட ரெண்டு வகையும் குளிர்பானக் கம்பெனிகள் சிரப் ஊத்தி வச்சிருந்த ஸ்டீல் குடுவைங்க. பால் லாக் பெப்சியோடது, பின் லாக் கோக்கோடது. கம்பெனிகள் சிரப்பை அட்டைப்பெட்டிப் பைக்கு மாத்தினப்போ பழைய குடுவையெல்லாம் மலிவா வெளியே வந்து வீட்டுல காய்ச்சுறவங்க கைக்குப் போச்சு. வீட்டுல பியர் காய்ச்சலாம்னு ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டது 1978 அக்டோபர்ல.

"பால் லாக் வாங்கு, உதிரிபாகம் சுலபமா கிடைக்கும்"னேன். "அதுல பதநீர் ஊத்தலாமாடா?"ன்னு கேட்டான். விழுப்புரம் கதையைச் சொன்னேன்.