ஓரியூர் வழியும் இறைவன் தரும் ஆறுதலும்

புனித அருளானந்தரின் திருவிழாவை ஆண்டுதோறும் பிப்ரவரி 4ஆம் நாள் கொண்டாடுகிறோம். பெரும்பாலான ஆண்டுகளில் அது தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாள்களோ சில வாரங்களோ முன்னதாக வந்துவிடுகிறது. எனவே அவருடைய மரணத்தைத் தவக்காலத்தோடு இணைத்து நாம் எண்ணுவதில்லை. ஆனால் அவர் தலை வெட்டுண்ட 1693ஆம் ஆண்டில் அந்த நாள் திருநீற்றுப் புதனாக இருந்தது. அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22இல் வந்தது. அதைவிட முன்னதாக அது வருவதற்கு வழியில்லை. 1818இலும் அப்படி வந்தது; இனி 2285இல்தான் வரும். நம் வாழ்நாளில் இணையாத அவ்விரு நாள்களும் ஓரியூரின் மணலில் ஒரே நாளாக இருந்தன. இத்தவக்காலத்தில் அந்த மணலை நோக்கிச் சற்றே நம் மனத்தைச் செலுத்துவோம்.

துன்பம் வரும்போது நாம் இறைவனிடம் ஆறுதல் கேட்கிறோம். நாம் கேட்பதைக் கூர்ந்து நோக்கினால், பெரும்பாலும் விடுதலையையே ஆறுதல் என்று எண்ணியிருப்பது விளங்கும். நோய் நீங்க வேண்டும், கடன் தீர வேண்டும், வழக்கு முடிய வேண்டும் என்று கேட்கிறோம். அவ்வாறு கேட்பது தவறன்று. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரும் துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று கேட்டார். கிண்ணம் அகலவில்லை, அவரைத் திடப்படுத்த வானதூதர் வந்தார். கிண்ணம் இருக்க, திடமும் வந்தது என்பது எத்தகைய மறுமொழி? அருளானந்தரின் வரலாறு இதற்கு ஒரு விளக்கமாக அமைந்துள்ளது.

அவர் 1647 மார்ச் 1ஆம் நாள் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். இளமையில் அரண்மனையிலே பணியாற்றி, பின்னாளில் அரசராகிய இரண்டாம் பேதுருவின் தோழராக வளர்ந்தார். 1662இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673இல் குருவாகி இந்தியாவுக்குக் கப்பலேறினார். மகனைத் தடுத்து நிறுத்தத் தாய் முயன்றும் பயனில்லாது போயிற்று. மதுரை மறைபரப்புத் தளத்துக்கு வந்தவர், தத்துவ போதகர் காட்டிய நெறியில், மக்களோடு எளிதாகப் பழக வாய்ப்புள்ள பண்டார சுவாமிகளின் கோலத்தை மேற்கொண்டார். ஊன் உணவை விலக்கி, மரக்கறி உணவு உண்டு, வெயிலில் ஊர் ஊராக நடந்தார். நமக்கு நாற்பது நாள் நோன்பு. அவருக்கோ ஆண்டு முழுவதுமே நோன்பாக இருந்தது.

1686இல் மறவர் நாட்டில் பணியாற்றியபோது, ஜூலை மாதத்தில் உபதேசியார்களோடு சேர்த்துச் சிறைப்பிடிக்கப்பட்டார். விலங்கிட்டார்கள், நீரில் அமிழ்த்தினார்கள், சுடும் பாறையில் கிடத்தினார்கள். சாவுத் தீர்ப்பும் வந்தது. அந்நிலையில் மன்னர் கிழவன் சேதுபதி அவரை இராமநாதபுரத்துக்கு வரவழைத்து, அவருடைய போதனையைக் கேட்டறிந்து, அவரை விடுவித்தார். ஆனால் தம் நாட்டில் போதிக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். நாம் எதிர்பார்க்கும் ஆறுதல் இதுவே. கட்டு அவிழ்ந்தது, உயிர் மீண்டது. கதை இத்துடன் முடிந்திருந்தால், இறைவன் தம் ஊழியரைக் காப்பாற்றினார் என்று சொல்லி மகிழ்ந்திருப்போம்.

கதை முடியவில்லை. மறைபரப்புத் தளத்தின் பேராளராக அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். 1688இல் லிஸ்பன் நகரை அடைந்தார். பழைய தோழர் இப்போது அரசர். அவரைத் தம்மருகே இருத்திக்கொள்ள விரும்பினார். வயது முதிர்ந்த தாயும் அங்கிருந்தார். பாதுகாப்பும் மதிப்பும் உறவும் ஒருங்கே கூடியிருந்தன. இறைவன் இளைப்பாறுதல் தந்துவிட்டார் என்று அவர் எண்ணியிருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் 1690இல் மீண்டும் கப்பலேறினார். அவருக்காகக் காத்திருந்தது எது என்பது அவருக்குத் தெரியும். முதல் முறை வந்தபோது அவர் வழியை அறியாமல் வந்தார். இம்முறை வழியை முற்றும் அறிந்தே வந்தார். தழும்புகளோடு திரும்புகிறவருடைய துணிவு, தழும்பில்லாதவருடைய ஆர்வத்தைவிடப் பெரிதன்றோ!

மறவர் நாட்டு அரச மரபைச் சேர்ந்த தடியத் தேவர் நோயுற்றிருந்தபோது, உபதேசியார் ஒருவர் அவருக்காக நற்செய்தியை ஓதிச் செபிக்க, அவர் நலம் பெற்றார். 1693 சனவரி 6ஆம் நாள் அருளானந்தரிடம் திருமுழுக்கும் பெற்றார். திருச்சபையின் ஒழுங்குப்படி மனைவியருள் ஒருவரை மட்டும் ஏற்று மற்றவரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். அவர் மன்னரிடம் முறையிட்டார். அந்தப் பெண்ணின் துயரமும் மெய்யானது என்பதை மறவாதிருப்பது நேர்மையாகும். குடும்ப மானம், அரியணை பற்றிய அச்சம், புதிய சமயத்தின் மேல் எழுந்த ஐயம் எல்லாம் ஒன்று திரண்டன. சனவரி 8இல் அருளானந்தர் சிறைப்பட்டார். இராமநாதபுரத்திலிருந்து, காவலர் சூழ, சேதுபதியின் தம்பி ஆட்சி செய்த ஓரியூருக்கு நடத்திச் செல்லப்பட்டார்.

பிப்ரவரி 3ஆம் நாள் சிறையிலிருந்து தம் சபைத் தோழர்களுக்கு மடல் எழுதினார். மையும் எழுதுகோலும் இல்லை. கரியை நீரில் குழைத்து மையாக்கி, துரும்பினால் எழுதினார். மறையைப் போதித்ததே தம்மேல் சாட்டப்பட்ட குற்றம் என்றும், சாவை மகிழ்வோடு எதிர்நோக்குவதாகவும் அதில் தெரிவித்தார். மறுநாள் பாம்பாற்றங்கரைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். முழந்தாளிட்டுச் செபித்தார். வாள் வீழ்ந்தது. 46 வயது நிறைய அவருக்குச் சில வாரங்களே இருந்தன.

இப்போது இரண்டு சிறைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். முதற்சிறையில் விடுதலை கிடைத்தது. இரண்டாம் சிறையில் கிடைக்கவில்லை. இறைவன் முன்னதில் உடனிருந்தார், பின்னதில் கைவிட்டார் என்று கூற முடியுமா? அந்தக் கரி மடலே அதற்கு மறுமொழி. நாளை சாகப்போகிறவர், இறுதி மாலையில் மையைக் குழைத்து அமர்ந்து, தமக்காக வருந்துவோரைத் தேற்ற எழுதுகிறார். தம்மிடம் இல்லாததை ஒருவர் பிறருக்கு ஈய இயலாது. ஆறுதல் அவரிடம் இருந்தது. அதனால்தான் அவரிடமிருந்து அது பிறரை நோக்கிப் புறப்பட்டது. இறைவனின் ஆறுதல் வந்துவிட்டதற்கு நம் கட்டுகள் தளர்வது மட்டுமே அடையாளம் அன்று. கட்டுண்ட நிலையிலும் நாம் மற்றவரை நினைக்கத் தொடங்குவதும் ஓர் அடையாளமே.

மகனை ஒருகால் தடுத்த தாயும் அவ்வாறே மாறினார். மரணச் செய்தி லிஸ்பன் வந்தபோது, அவர் துக்க உடை அணியாமல் விழாக்கோலத்தில் அரண்மனைக்கு வந்தார் என்று வரலாறு கூறுகிறது. அவர் அழவில்லை என்று நாம் எண்ண வேண்டியதில்லை. அழுத கண்ணோடும் விழா உடை உடுத்த முடியும் என்பதே நம்பிக்கையின் வியப்பு. அந்த மகனை 1947 ஜூன் 22ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதராக அறிவித்தார்.

நம் மொழியில் ஆறு என்னும் சொல் வழியையும் குறிக்கும். வழியறிந்தவர் வழியறியாதவரை நெறிப்படுத்துவதை ஆற்றுப்படுத்துதல் என்றனர் நம் முன்னோர். ஆறுதல் என்னும் சொல்லும் நம் செவிக்கு அதன் அருகிலேயே ஒலிக்கிறது. தானும் நடந்து, தானும் வருந்தி, பின்வருவோருக்கு வழி காட்டுகிறவரே உண்மையில் ஆறுதல் தர வல்லவர். கல்வாரி மலைக்கு நடந்த ஆண்டவர் அத்தகையவர். அவரைப் பின்பற்றி ஓரியூருக்கு நடந்தவரும் அத்தகையவர்.

இத்தவக்காலத்தில் நம்முள் சிலருக்கு நெற்றியில் பூசப்பட்ட சாம்பலைவிட வாழ்வே கசப்பாயிருக்கலாம். மருத்துவமனையின் திண்ணையிலும், வேலையிழந்த வீட்டிலும், பேச்சு முறிந்த உறவிலும் நாம் நம் சிலுவைப்பாதையை நடத்திக்கொண்டிருக்கலாம். துன்பம் நீங்க வேண்டுமென்று தயங்காமல் கேட்போம். நீங்காவிடினும் கைவிடப்பட்டோம் என்று முடிவு கட்டாதிருப்போம். நம்மைப்போல் நடக்கும் ஒருவரை நினைத்து, நம் கையில் கிடைத்த கரியைக் குழைத்தேனும், அவருக்கு ஒரு வரி எழுதுவோம்.