டூர் டி பிரான்ஸ் மலைகளைத் தேர்ந்த வரலாறு

1903-இல் 'லோட்டோ' என்னும் பாரிஸ் விளையாட்டு நாளிதழ், தன் விற்பனையைப் பெருக்கும் நோக்கத்தோடு தொடங்கிய டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துக்கு மலைகள் முதலில் பெரிதாகத் தேவைப்படவில்லை. இரவும் பகலுமாக நீண்டு சில வேளை நானூறு கிலோமீட்டரையும் தாண்டிய கட்டங்களே, அதாவது ஒரு மூச்சில் ஓடிமுடிக்க வேண்டிய தனித்தனிப் பயணங்களே, வாசகரை மலைக்கவைக்கப் போதுமானவையாக இருந்தன. 1904-இல் இருளின் மறைவில் முறைகேடுகள் மலிந்ததால், அடுத்த ஆண்டு கட்டங்கள் சுருக்கப்பட்டன. பலோன் தல்சாஸ் என்னும் மலை பாதையில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

இதழின் ஆசிரியரும் பந்தயத்தின் தலைவருமான ஆன்ரி தெக்ராஞ்ச், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட பிரெனே மலைத்தொடரைத் தொடவே தயங்கினார். அவருடைய உதவியாளர் அல்போன்ஸ் ஸ்டைனஸ் வற்புறுத்தி, 1910-இல் 2,115 மீட்டர் உயரமுள்ள துர்மாலே கணவாயைப் பார்வையிடக் கிளம்பினார்; கார் பனியில் சிக்கிக்கொள்ள, அவர் இருட்டில் நடந்தே மறுபுறம் இறங்கி, பின்னிரவில் பாரேஜ் என்னும் ஊரை அடைந்தார். அதன்பின், பாதை மிக நன்று, தாராளமாகக் கடக்கலாம் என்று பாரிசுக்குத் தந்தி கொடுத்தார் என்பது பந்தய வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. நிலைமையோ வேறு: கணவாய்ப் பாதைகள் தார் காணாதவை, ஓபிஸ்க் கணவாயின் பாதையைச் செப்பனிடப் பந்தய அமைப்பாளர்களே பணம் தர வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு ஜூலை 21 அன்று, லூஷோன் நகரிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர் ஓடிய கட்டத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கவும் நேர்ந்த ஒக்டாவ் லபீஸ், அமைப்பாளர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டினார். அந்தக் கட்டத்தையும் அந்த ஆண்டுப் பந்தயத்தையும் வென்றவரும் அவரே. இதழ் விற்க வேண்டியவர்களுக்கு அந்த வசவைவிடச் சிறந்த விளம்பரம் கிடைத்திருக்காது. மறு ஆண்டே ஆல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாயும் சேர்க்கப்பட்டது.

இவையெல்லாம் கணவாய்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஊரில் தொடங்கி மற்றோர் ஊரில் முடிந்த பந்தயத்துக்கு மலை ஓர் இடைவழியே. ஏறியவர் மறுபக்கம் இறங்கியாக வேண்டும், இறங்கும்போது பின்தங்கியவர் எட்டிப்பிடிக்கவும் இடமுண்டு. உச்சியிலேயே கட்டம் முடியும் வழக்கம் 1952-இல்தான் வந்தது. பனிச்சறுக்கு விடுதிகள் நிறைந்த அல்ப் துவேஸ் என்னும் மலையூரின் விடுதி உரிமையாளர் ஜார்ஜ் ரஜோன் போன்றவர்கள், தங்கள் ஊரை நாடறியச் செய்வதற்காகப் பணம் கொடுத்தே பந்தயத்தை வரவழைத்தனர். அந்த ஆண்டு அல்ப் துவேஸ், இத்தாலியின் செஸ்திரியேர், எரிமலைக் குன்றான ப்யூய் தெ டோம் ஆகிய மூன்று உச்சிகளிலும் ஃபாஸ்டோ கோப்பியே வென்றார். இருபத்தொரு கொண்டையூசி வளைவுகளால் இன்று பெயர்பெற்ற அல்ப் துவேசுக்குப் பந்தயம் மீண்டும் வந்தது 1976-இல்தான். ஆனாலும் கோடையில் வெறிச்சோடும் பனிச்சறுக்கு ஊர்கள் கட்டணம் செலுத்திப் பந்தயத்தை அழைக்கும் முறை அதன்பின் வேரூன்றிவிட்டது.

ஏற்றங்களை நான்காம் தரத்திலிருந்து முதல் தரம் வரையும், அதற்கும் மேலே 'தரத்துக்கு அப்பாற்பட்டது' என்றும் பிரிக்கிறார்கள். நீளம், செங்குத்து, கட்டத்தில் ஏற்றம் வரும் இடம் ஆகியவற்றை எடைபோட்டு அமைப்பாளர்களே தரத்தை முடிவுசெய்வதால், இதில் கணக்கைவிடக் கணிப்பே அதிகம். ஓர் உச்சியைத் தேர்ந்தெடுக்கச் சரிவு மட்டும் போதாது. அங்கே ஒளிபரப்பு வண்டிகளும் குழுப் பேருந்துகளும் நிற்க இடம் வேண்டும். 1988-க்குப் பின் ப்யூய் தெ டோம் பல்லாண்டு ஒதுங்கியிருந்தது. 2012-இல் அங்கே பற்சக்கர ரயில் வந்தபின் சாலையும் குறுகலாகிவிட்டது. 2023-இல் பந்தயம் திரும்பியபோது, கடைசி நான்கு கிலோமீட்டரில் பார்வையாளர்கள் அனுமதிக்கப்படவில்லை.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சாலை இருந்த இடத்தைத்தான் பந்தயம் தேடிச் சென்றது. 2020-இல் முதன்முறை ஏறிய லோஸ் கணவாயில் இந்த முறை மாறியது: 2,304 மீட்டர் உயரத்தில் மெரிபெல், கூர்ஷவெல் என்னும் இரு பனிச்சறுக்கு ஊர்களை இணைக்கும் அந்தப் பாதைக்குச் சைக்கிள்களுக்கென்றே தார் போட்டிருந்தார்கள். வண்டிகளுக்கான சாலைகளைப் போல் சரிவைச் சீராக்கும் கட்டாயம் இல்லாததால், அதன் மேற்பகுதி சில இடங்களில் இருபது விழுக்காட்டுக்கும் மேல் செங்குத்தாக எழுகிறது.