மேடையில் தடால்!

1960 வாக்கில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரோனோக் என்கிற ஊர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது, நாற்பது பேர் அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு முரட்டுப் பெட்டி. அதில் கேள்வி தெரியும். பதில் எழுதினால், சரியா தப்பா என்று உடனே காட்டிவிடும். பாடம் நடத்துகிற வேலை முழுக்கப் பெட்டியுடையது!

வேடிக்கை பார்க்க வந்தவர் ஹார்வர்டு பேராசிரியர் பி.எஃப்.ஸ்கின்னர். நாம் உள்ளே வந்ததைக்கூடப் பசங்க கவனிக்கலையே என்று ஆச்சரியப்பட்டார் மனுஷர். 'இதைவிட நல்ல வேடிக்கை இருக்கு' என்கிற மாதிரி, சோதனையை நடத்திய ஆலன் கால்வின் விறுவிறுவென்று வாத்தியார் மேடையில் ஏறினார். எம்பிக் குதித்தார். தடால்!

ஒரு தலைகூட நிமிரவில்லை.

ஸ்கின்னர் பிற்பாடு இதைப் பெருமையாக எழுதிவைத்தார். எனக்கென்னவோ, அந்தக் காட்சியை நினைத்தால் லேசாக வயிற்றைக் கலக்குகிறது. உங்களுக்கு?

புறாக்களுக்கு பிங்பாங் ஆடக் கற்றுக்கொடுத்த ஆசாமி இந்த ஸ்கின்னர். 1953 நவம்பரில், நான்காம் வகுப்புப் படித்த இளைய மகளின் பள்ளிக்குப் போய்க் கணக்கு வகுப்பில் உட்கார்ந்தார். சட்டென்று முடித்துவிட்ட குழந்தைகள் சும்மா நெளிகிறார்கள். மற்றவர்கள் திணறுகிறார்கள். போட்டது சரியா என்பது மறுநாள்தான் தெரியும். புறாவுக்குக் கிடைக்கிற கவனிப்புகூட இந்தக் குழந்தைகளுக்கு இல்லையே! சில நாட்களிலேயே முதல் மெஷினைச் செய்துவிட்டார்.

உண்மையில் இந்த யோசனைக்கு அவர் முதல் ஆள் இல்லை. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிட்னி பிரெஸ்ஸி, 1920-களிலேயே நான்கு பட்டன்கள் வைத்த ஒரு மெஷினைக் காட்டினார். சரியான விடைகளைத் தட்டினால் மிட்டாய் விழுகிற வசதிகூட உண்டு! விடைத்தாள் திருத்தியே ஓய்ந்துபோகிற ஆசிரியரை அந்தச் சுமையிலிருந்து விடுவிக்கணும், அவர் பிள்ளைகளோடு பேசிப் பழக நேரம் கிடைக்கணும் என்பதுதான் பிரெஸ்ஸியின் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால், பொருளாதார மந்தம் வந்தது. வாத்தியார்களே வேலையில்லாமல் அலைகிற காலத்தில், வேலையைக் குறைக்கிற மெஷினை யார் வாங்குவார்கள்? 1932-ல் மனம் நொந்து கைவிட்டார். ஸ்கின்னரின் பெட்டிகளும் சில வருஷங்களில் பிள்ளைகளுக்குச் சலித்துப்போய், மூலைக்குப் போயின.

இப்போது நம் காலம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. ஐந்தே வாரத்தில் நியூயார்க் நகரப் பள்ளிகள் தடை போட்டன. மே மாதம் தடையை நீக்கிக்கொண்டன!

ஸ்கின்னரின் பெட்டி, பிள்ளை தானே பதில் எழுதுகிறவரை நகராது. பிடிவாதக்காரப் பெட்டி. புது மெஷினோ கேட்டவுடன் பதிலை நீட்டிவிடுகிறது. ஆக, பிரெஸ்ஸி குறைக்கப் பார்த்த சுமையோடு ஆசிரியருக்கு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. 'இதை எழுதினது நீயாடா?' இதைக் கண்டுபிடிக்க, சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கருவி கொடுத்தது. சரியாகக் கணிக்கவில்லை என்று ஜூலையில் அதுவே திரும்ப எடுத்துக்கொண்டது.

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஒரு சோதனையைக் கவனியுங்கள். துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், கணக்குப் பாடம். ஒரு குழுவுக்குச் செயற்கை நுண்ணறிவை அப்படியே கொடுத்தார்கள். பயிற்சிக் கணக்கில், எதுவும் தராத குழுவைவிட 48 சதவிகிதம் அதிகம் வாங்கினார்கள். பிரமாதம்! அப்புறம் அதைப் பிடுங்கிக்கொண்டு பரீட்சை வைத்தார்கள். இப்போது 17 சதவிகிதம் கம்மி. ஊன்றுகோலைப் பிடுங்கினால் நடை போய்விட்டது.

மூன்றாவது குழு ஒன்றும் இருந்தது. அதே செயற்கை நுண்ணறிவுதான். ஆனால், விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி மாற்றப்பட்டது. பயிற்சியில் 127 சதவிகிதம் அதிகம். பரீட்சையிலும் அந்தப் பெரிய சறுக்கல் இல்லை.

அதற்குள் என்ன வைத்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு கணக்கிலும் பிள்ளைகள் வழக்கமாக எங்கே தப்பு பண்ணுவார்கள், அப்போது எந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிற விவரங்கள். எழுதிக் கொடுத்தவர்கள், ஆசிரியர்கள்.