தட்டைக் கணினித் திரையும் வட்டுத் திரவப் படிகமும்

தட்டைக் கணினித் திரை என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அடைக்கப்பட்ட மிக மெல்லிய திரவப் படிகப் படலத்தின் வழியே ஒளியைக் கட்டுப்படுத்திப் படம் காட்டும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது எல்.சி.டி. மானிட்டர் எனப்படுகிறது. வாங்குவோர் பெரும்பாலும் அங்குலத்தையும் விலையையும் நிறுவனத்தின் பெயரையும் பார்க்கின்றனர். நேர் எதிரே அமர்ந்தவருக்குத் தெரியும் படம் பக்கத்தில் இருப்பவருக்கும் அப்படியே தெரிகிறதா என்பதைப் பார்ப்போர் குறைவு. ஒரு கணினியைச் சுற்றி மூன்று நான்கு மாணவர்கள் அமரும் பள்ளிகளில் இதுவே முதன்மையான கேள்வி.

தட்டைத் திரையின் வரலாற்றில் நீண்ட காலம் தீராதிருந்த குறை இந்தப் பக்கவாட்டுப் பார்வைதான். அதைக் குறைத்த வழிகளுள் ஒன்றின் தொடக்கம் பெங்களூரில் உள்ளது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர் – இராயக்கோட்டை சாலையில் அமைந்த உத்தனப்பள்ளி போன்ற எல்லையோர ஊர்களில், கணினி வாங்குவோருக்குச் சென்னை ரிச்சி தெருவைவிடப் பெங்களூர் எஸ்.பி. ரோடு பக்கம். அந்தக் கடைகளில் விற்கும் திரைகளின் வரலாற்றில் அதே நகரின் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கும் இடம் உண்டு என்பது பலரும் அறியாதது.

குழாயிலிருந்து தகட்டுக்கு

ஜெர்மனியின் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் 1897-இல் உருவாக்கிய எதிர்மின் கதிர்க் குழாயே, பின்னர் நீண்ட காலம் தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் திரையாக இருந்தது. மின்னணுக் கற்றை குழாயின் பின்முனையிலிருந்து வந்து முகப்பில் பூசிய ஒளிர்பொருளில் மோதும்போது புள்ளி ஒளிரும். ஒளி அந்த முகப்பிலேயே பிறந்து எல்லாத் திசைகளிலும் பரவுவதால் எங்கிருந்து பார்த்தாலும் படம் மாறாது. எடையும் இடப்பிடிப்பும் மின்செலவும் இதன் குறைகள். 17 அங்குலக் குழாய் மானிட்டர் ஏறத்தாழ 15 கிலோ எடை இருக்கும்.

திரவப் படிகம் அதைவிடப் பழைய கண்டுபிடிப்பு. 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரெய்னிட்சர், கொலஸ்டிரால் சேர்மம் ஒன்று இருமுறை உருகுவது போல் நடந்துகொள்வதைக் கண்டார். முதல் உருகலுக்கும் இரண்டாம் உருகலுக்கும் இடையே அது திரவம்போல் ஓடியது. படிகம்போல் ஒளியை மாற்றியது. 1968-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தில் ஜார்ஜ் ஹெயில்மெயர் குழுவினர் இதைக் காட்சித் திரையாக்கிக் காட்டினர். 1970-இல் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட், வுல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் இருவரும் முறுக்கு வகைத் திரையை உருவாக்கினர். 1973-இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் திரவப் படிகத் திரை கொண்ட கணிப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1988-இல் அதே நிறுவனம் 14 அங்குல வண்ணத் திரையைக் காட்டியது.

தமிழ்நாட்டில் இந்த மாற்றத்தை அரசுத் திட்டங்களிலேயே காணலாம். 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடுகளுக்கு வந்தது 14 அங்குலக் குழாய்ப் பெட்டி. 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்தது தட்டைத் திரை. இரண்டுக்கும் இடையே ஐந்தே ஆண்டுகள்.

பக்கவாட்டுக் குறை எப்படி வந்தது?

முறுக்கு வகைத் திரையில் திரவப் படிக மூலக்கூறுகள் குச்சி வடிவில் இருக்கும். ஒரு கண்ணாடியிலிருந்து மறு கண்ணாடிக்குச் செல்லும்போது அவை சுழல் படிக்கட்டுபோல் 90 பாகை திரும்பி அடுக்கப்பட்டிருக்கும். இருபுறமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு தளவிளைவாக்கிகள் ஒட்டப்பட்டிருக்கும். பின்னிருந்து வரும் ஒளி முறுக்கோடு திரும்பி வெளியேறினால் அந்தப் புள்ளி வெளிச்சமாகும். மின்னழுத்தம் கொடுத்தால் குச்சிகள் நிமிர்ந்து முறுக்கு கலையும். ஒளி தடுக்கப்பட்டுப் புள்ளி கருப்பாகும்.

சிக்கல் இடைநிலைச் சாயல்களில்தான் உள்ளது. சாம்பல் நிறம் காட்டும்போது குச்சிகள் பாதி நிமிர்ந்து ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். காற்றில் ஒருபுறம் சாய்ந்த கேழ்வரகுக் கொல்லையை ஒரு வரப்பில் நின்று பார்த்தால் கதிர் தெரியும். எதிர் வரப்பில் நின்றால் தாள் தெரியும். அதுபோலவே பார்க்கும் திசைக்கேற்ப ஒளியின் அளவு மாறும். கருப்பு நிலையிலும் கண்ணாடியை ஒட்டிய குச்சிகள் முழுமையாக நிமிர்வதில்லை. அவற்றின் வழியே ஒளி சாய்வாகக் கசிந்து கருப்பை வெளுக்கச் செய்யும். சில கோணங்களில் வெளிர்நிறம் கருத்தும் கருநிறம் வெளுத்தும் படச்சுருள்போல் தலைகீழாகத் தெரியும். பழைய மடிக்கணினியின் திரையை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தவர்கள் இதை அறிவர்.

பெங்களூரில் நடந்த ஆய்வு

சர் சி.வி. ராமன் 1948-இல் பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். அவருடைய சகோதரியின் மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். 1930 ஆகஸ்டு 6 அன்று கல்கத்தாவில் பிறந்தவர். நட்சத்திரங்களின் முடிவை ஆராய்ந்து 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் வேறொருவர். அவர் ராமனின் அண்ணன் மகன். பெயரும் உறவும் நெருங்கியிருப்பதால் இருவரையும் ஒருவராக எண்ணும் குழப்பம் இன்றும் உண்டு.

ராமனிடம் ஆய்வைத் தொடங்கிய சிவராமகிருஷ்ண சந்திரசேகர், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். 1961 முதல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குத் தலைமை வகித்தார். 1971-இல் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து திரவப் படிக ஆய்வுக்கூடத்தை உருவாக்கினார். 1973 டிசம்பரில் திரவப் படிகம் குறித்த பன்னாட்டு மாநாடு பெங்களூரில் நடைபெற்றது.

அதுவரை அறியப்பட்ட திரவப் படிகங்களின் மூலக்கூறுகள் அனைத்தும் குச்சி வடிவின. நீண்ட வடிவம் இருந்தால்தான் அவை ஒரு திசையில் ஒழுங்குபடும் என்பது பொதுக்கருத்தாக இருந்தது. தட்டு வடிவ மூலக்கூறும் திரவப் படிகமாகலாம் என்பதை 1977-இல் சந்திரசேகர், பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் மூவரும் செய்முறையில் காட்டினர். ஒரு பென்சீன் வளையத்தின் ஆறு முனைகளிலும் நீண்ட கார்பன் சங்கிலிகளை இணைத்த சேர்மங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். சூடாக்கியபோது அந்த வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாணயங்கள்போல் தூண்களாக நின்றன. இக்கட்டுரை இந்திய அறிவியல் அகாதமியின் 'பிரமாணா' இதழில் வெளிவந்தது. உலகெங்கும் வட்டுத் திரவப் படிகம் என்ற புதிய ஆய்வுத் துறை அதிலிருந்து கிளைத்தது.

1983-இல் இவர் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1998-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1991-இல் பெங்களூர் ஜாலஹள்ளியில் திரவப் படிக ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். 2004 மார்ச் 8 அன்று மறைந்தார்.

வட்டு திரைக்குள் வந்த கதை

1977-இல் இந்த ஆய்வு கணினித் திரையை நோக்கிச் செய்யப்பட்டதன்று. மேசைக் கணினிக்குத் தட்டைத் திரை என்ற பொருளே அப்போது சந்தையில் இல்லை. பின்வந்த ஆண்டுகளில் பிற நாட்டு ஆய்வாளர்கள், தூணாக அடுக்காமல் திசை மட்டும் ஒத்து நிற்கும் வட்டு நிலையையும் கண்டறிந்தனர். திரைக்குப் பயன்பட்டது அந்நிலை.

1990-களின் நடுப்பகுதியில் ஜப்பானின் ஃபியூஜி போட்டோ பிலிம் நிறுவனம் அகன்ற பார்வைச் சவ்வு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புகைப்படச் சுருளுக்கு அடித்தளமாகப் பயன்பட்ட செல்லுலோஸ் சவ்வின்மேல் வட்டுத் திரவப் படிகப் பூச்சு இட்டு, வட்டுகளின் சாய்வு படிப்படியாக மாறும்படி அப்படியே இறுக்கிவிட்டனர். திரைக்குள் நிமிராமல் நிற்கும் குச்சிகளின் சாய்வுக்கு இந்த வட்டுகளின் சாய்வு எதிர்ப்படி போல் அமையும். ஒளியியலில் குச்சியும் வட்டும் எதிரெதிர்க் குணம் உடையவை. எனவே சாய்வாகச் செல்லும் ஒளியில் ஒன்று ஏற்படுத்தும் மாற்றத்தை மற்றொன்று ஈடுசெய்தது. திரையின் உள்ளமைப்பை மாற்றாமல், சவ்வை ஒட்டுவதால் மட்டுமே பக்கவாட்டுப் பார்வை பெரிதும் கூடியது. குறைந்த விலை மானிட்டர்கள் மேசைக்கு வருவதற்கு இது துணைசெய்தது.

குறை முழுவதும் தீர்ந்துவிடவில்லை. இடம், வலம் தெளிந்தாலும் கீழிருந்து பார்த்தால் முறுக்கு வகைத் திரை இன்றும் இருண்டே தெரியும். வேறு வழியில் சென்றவர்களும் உண்டு. 1996-இல் ஹிட்டாச்சி நிறுவனம், குச்சிகள் நிமிராமல் திரைத் தளத்திலேயே திரும்பும் ஐ.பி.எஸ். வகையைக் கொண்டுவந்தது. குச்சிகளை முதலிலேயே செங்குத்தாக நிறுத்தும் வி.ஏ. வகையை ஃபியூஜிட்சு நிறுவனம் வளர்த்தது. ஐ.பி.எஸ். திரையில் கோணம் மாறினாலும் நிறம் பெரிதும் மாறாது. வி.ஏ. திரையில் கருப்பு ஆழமாக இருக்கும்.

இன்று திரை தேர்வு செய்வோருக்கு

இந்த வரலாற்றை அறிந்தவர் கடையில் சிலவற்றைத் தாமே சோதித்துக்கொள்ளலாம்.

முதலாவது, அட்டையில் அச்சிட்ட பார்வைக் கோணம். முறுக்கு வகைக்கு 170, 160 பாகை என்றும் ஐ.பி.எஸ். வகைக்கு 178 பாகை என்றும் போட்டிருப்பர். வேறுபாடு சிறிதுபோல் தோன்றும். வெளிச்சத்துக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம் 10-க்கு 1 என்ற அளவுக்குச் சரியும் கோணத்தையே வழக்கமாக அந்த எண் குறிக்கிறது. நல்ல திரையில் நேர்ப்பார்வைக்கு அவ்விகிதம் 1000-க்கு 1. எனவே அந்த எல்லைக்கு வெகு முன்பே நிறம் கெட்டிருக்கும். எண்ணை நம்பாமல், முகம் தெரியும் படம் ஒன்றைத் திரையில் வைத்து இருபக்கமும் நின்றும், தரையளவுக்குக் குனிந்தும் பார்ப்பதே சரியான சோதனை.

இரண்டாவது, எல்.இ.டி. மானிட்டர் என்ற பெயர். கடைகளில் அப்படி விற்கப்படுபவற்றுள் மிகப் பெரும்பான்மை திரவப் படிகத் திரைகளே. பின்விளக்கு மட்டும் மெல்லிய குழல் விளக்கிலிருந்து எல்.இ.டி.க்கு மாறியுள்ளது. பெயரை வைத்துப் பார்வைக் கோணத்தை முடிவுசெய்ய இயலாது, ஐ.பி.எஸ்., வி.ஏ., டி.என். என்பவற்றுள் எது என்று கேட்க வேண்டும். டி.என். என்பது முறுக்கு வகை.

மூன்றாவது, எழுத்தின் தெளிவு. தட்டைத் திரையில் பிக்சல்களின் எண்ணிக்கை மாறாதது. 1920 × 1080 திரையை அந்த அளவிலேயே இயக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்க அதைக் குறைத்தால் எல்லாம் மங்கும். எழுத்தளவைக் கூட்டுவதே முறை. தமிழில் ன, ண வேறுபாடும் மெய்யெழுத்தின் புள்ளியும் தெளிவாக நிற்கின்றனவா என்று ஒரு பத்தியைத் திறந்து படித்துப் பார்ப்பது நல்லது.

பள்ளிக்கும் பொது நூலகத்துக்கும் வாங்கும்போது, இரண்டு அங்குலம் பெரிய முறுக்கு வகைத் திரையைவிடச் சற்றுச் சிறிய ஐ.பி.எஸ். திரை மேல். ஓரத்தில் அமர்ந்த மாணவருக்கும் நடுவில் அமர்ந்தவருக்கும் அதுவே ஒரே பாடத்தைக் காட்டும்.

எல்லைப் பகுதியும் எஞ்சிய பணியும்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைகளைத் தொடர்ந்து, உத்தனப்பள்ளி அருகே கூத்தனப்பள்ளியில் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையும் கைப்பேசி உறுப்புகளைத் தயாரித்து வருகிறது. கேழ்வரகும் தக்காளியும் விளைந்த மண்ணில் இன்று மின்னணுத் தொழில் வேரூன்றியுள்ளது. 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த 76,000 கோடி ரூபாய் குறைக்கடத்தித் திட்டத்தில் திரைத் தகடு ஆலைகளுக்கான ஊக்கமும் சேர்க்கப்பட்டுள்ளது.

ஆலைகளை அமைக்க முதலீடும் நிலமும் ஊக்கத்தொகையும் போதும். 1977-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு அவற்றால் வந்ததன்று. உடனடிப் பயன் எதுவும் கேட்கப்படாத ஆய்வுக்கூடத்தில், ஒரு மூலக்கூறின் வடிவம் பற்றிய ஐயத்திலிருந்து அது பிறந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டில் அது பொருளாயிற்று. கண்டுபிடிப்பும் ஆலையும் ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் எல்லைக்குள் சேர்ந்திருக்கும் வாய்ப்பு இப்போது இப்பகுதிக்கு உண்டு. அதற்கு இங்குள்ள அரசுப் பள்ளிகளின் அறிவியல் ஆய்வகங்கள் திறந்திருக்க வேண்டும். வேதியியலும் இயற்பியலும் ஆலை வேலைக்கான தகுதியாக மட்டுமின்றிக் கேள்வி கேட்கும் பயிற்சியாகவும் கற்பிக்கப்பட வேண்டும்.